தொடைக்கறி யாருக்கு?

ஓர் ஆட்டுக்குப் பின்னந்தொடை இரண்டுதான். எலும்பு குறைவு, சதை அதிகம். சுக்காவுக்கும் ரோஸ்ட்டுக்கும் அதைவிட்டால் வேறு கறி இல்லை என்று கசாப்புக் கடைக்காரர் முதல் தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டுகிறவர் வரை எல்லோரும் சொல்வார்கள். இருப்பது இரண்டு, கேட்கிற வாய் பல என்றால் பங்கு என்ற பேச்சு வந்துவிடும். நிலத்தில் பெண்ணுக்குப் பங்கு வேண்டும் என்று கேட்டோம். 1989இல் தமிழ்நாட்டில் அதற்குச் சட்டத் திருத்தமே வந்தது. வேலையில் பங்கு கேட்கிறோம், சட்டமன்றத்தில் பங்கு கேட்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் குழம்புச் சட்டியிலிருந்து அள்ளி வைக்கப்படும் தொடைக்கறியில் நம் பங்கு எவ்வளவு என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் அற்பமாக இருக்கும் என்று நினைக்கிறோம். வாயைக் கட்டத் தெரியாதவள் என்பார்கள் என்று பயப்படுகிறோம். அந்த அற்பமான கேள்வியைத்தான் இங்கே கேட்கப் போகிறேன்.

முதலில் கடைக்குப் போவோம். தோலுரித்துத் தொங்கும் ஆட்டின் வாலில் மட்டும் மயிரை விட்டுவைத்திருப்பார்கள். இது வெள்ளாடு, செம்மறி இல்லை என்பதற்கு அது சாட்சி. பல கடைகளில் விதையையும் அறுக்காமல் விட்டிருப்பார்கள். இது கிடா, பெட்டை இல்லை என்பதற்கு அது சாட்சி. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பெட்டை குட்டி போடும் என்பதால் வளர்ப்பவர்கள் அதை வைத்துக்கொண்டு கிடாவை விற்கிறார்கள். கறிக்கு வருகிற பெட்டை பெரும்பாலும் ஈன்று ஓய்ந்தது. அதன் கறி முற்றல் என்று வாங்க மாட்டார்கள். பெற்று ஓய்ந்த உடலுக்கு விலை குறைவு என்ற சந்தை விதியை நாம் ஆட்டிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். காய்கறியை நாம் வாங்கலாம், மளிகையை நாம் வாங்கலாம், தண்ணீர்க் குடத்தை நாம் சுமக்கலாம். கறி மட்டும் அவர்கள் 'எடுக்க' வேண்டும். "தொடைக்கறி ஒரு கிலோ, நெஞ்செலும்பு கால் கிலோ, கொஞ்சம் ஈரல்" என்று சொல்லத் தெரிந்திருப்பது ஆண்மையின் பாடங்களில் ஒன்று. கிலோ 800 ரூபாயைத் தாண்டிவிட்ட பொருளை வாங்கி வருகிறவரின் நடையே வேறாகத்தான் இருக்கும். பையை அடுப்படியில் வைத்துவிட்டு அவர் செய்தித்தாளை எடுப்பார். அங்கிருந்து நம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும்.

அந்த ஆட்டை வளர்த்தது யார்? 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா ஆடுகள் திட்டத்தைத் தொடங்கியபோது நிலமற்ற ஏழைக் குடும்பங்களின் பெண்களைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு நான்கு ஆடுகள் கொடுத்தது. ஆடு வளர்ப்பது பெண்ணின் வேலை என்பது அரசுக்கும் தெரிந்திருந்தது. கொழை ஒடித்துப் போடுவதும், மேய்த்து வருவதும், குட்டி போடும் இரவில் விழித்திருப்பதும், கழிச்சல் கண்ட குட்டிக்கு மருந்து அரைத்து ஊற்றுவதும் அவள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காக அதை விற்பதும் அவள்தான். விலை பேசுகிற வியாபாரி ஆண். அறுக்கிறவர் ஆண். பிறகு கறி மறுபடியும் இன்னொரு வீட்டின் இன்னொரு பெண்ணிடம் வந்து சேர்கிறது. குடலை வெந்நீரில் போட்டு, சுண்ணாம்பு தடவிச் சுரண்டி, உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, மஞ்சள் போட்டு நான்கு தண்ணீர் கழுவுகிறாள். மசாலா அரைக்கிறாள். புகையில் நிற்கிறாள். வளர்த்தவள் பெண், கழுவியவள் பெண், வேகவைத்தவள் பெண். இத்தனை கை தாண்டி வந்த தொடைக்கறி எந்த இலையில் போய் விழுகிறது என்று பாருங்கள்.

என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சட்டிக்குள் எத்தனை துண்டு கிடக்கிறது என்பது கரண்டியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாலே தெரிந்துவிடும். தாத்தாவுக்குத் தனிக்கறி. மகன்களுக்கு வயதுப்படி. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு எல்லாருக்கும் முன்னால், எல்லாருக்கும் மேலாக. பேரன்களுக்கு ஈரல். பேத்திகளுக்கு ஆளுக்கு இரண்டு துண்டு, ஒன்றில் எலும்பு இருக்கும். மருமகள்களுக்குச் சாறும் உருளைக்கிழங்கும். கடைசியாகத் தனக்குச் சட்டியில் ஒட்டியதைச் சோற்றைப் போட்டுப் பிரட்டி எடுத்துக்கொள்வார். அந்தப் பிரட்டிய சோற்றின் ருசியைப் பற்றி நம் ஆண் எழுத்தாளர்கள் எவ்வளவு உருகியிருக்கிறார்கள்! சட்டிச் சோற்றின் ருசி எனக்கும் தெரியும். தொடைக்கறியைத் தின்று முடித்தவர் சட்டிச் சோற்றில் ஒரு வாய் கேட்பதற்கும், அது மட்டுமே மிஞ்சியவர் அதைத் தின்பதற்கும் வித்தியாசம் உண்டு.

"எனக்கு எலும்புதான் பிடிக்கும்" என்று சொல்லாத அம்மா நம்மில் எத்தனை பேருக்கு இருந்தார்? மீன் வாங்கினால் அவருக்குத் தலை பிடிக்கும், கோழி அடித்தால் கழுத்து பிடிக்கும், ஆடு என்றால் எலும்பு பிடிக்கும். எது மிஞ்சுமோ அது பிடிக்கும். ஒரு முறை வகுப்பில் மாணவிகளிடம், போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் யார் தட்டில் எந்தத் துண்டு விழுந்தது என்று எழுதித் தரச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு எழுதத் தொடங்கியதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒருத்தி எழுதியிருந்தாள்: "அண்ணன் ஊரிலிருந்து வரும் வாரம்தான் எங்கள் வீட்டில் கறி எடுப்பார்கள்." இன்னொருத்தி: "அம்மாவுக்கு எந்தத் துண்டு பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இதுவரை பார்த்ததில்லை." ஓர் அம்மாவின் தியாகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் எழுதிவிடும் பிள்ளைகள் இவர்கள். அம்மாவின் நாக்கைப் பற்றி ஒரு வரி எழுதத் தகவல் இல்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் நடுத்தர வர்க்க வீடுகளில் ஞாயிறு விருந்து என்றால் முழுதாக வாட்டிய இறைச்சி. பணம் புரளும் காலத்தில் அது இளஞ்செம்மறியின் தொடை. காலையிலிருந்து அடுப்பைக் கவனிப்பவள் மனைவி. மேசையின் தலைமாட்டில் நின்று கத்தியைத் தீட்டி அதை அரிந்து பரிமாறும் மரியாதை கணவனுக்கு. யாருக்கு எந்தத் துண்டு என்று தீர்மானிக்கும் கத்தி அவன் கையில் இருந்தது. ரோல்ட் டால் 1953இல் ஒரு சிறுகதை எழுதினார். ஆறு மாதக் கர்ப்பிணி மனைவி, காவல்துறையில் வேலை பார்க்கும் கணவன். உன்னை விட்டுப் போகிறேன் என்று ஒரு மாலையில் அவன் சொல்கிறான். இரவுச் சமையலுக்காகக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவந்த, கல்லாய் உறைந்த ஆட்டுத் தொடையால் அவள் அவன் மண்டையில் அடிக்கிறாள். பிறகு அந்தத் தொடையையே அடுப்பில் வாட்டி, கொலைக்கருவியைத் தேடிவந்த காவலர்களுக்குப் பரிமாறுகிறாள். அவர்கள் அதைத் தின்றுகொண்டே ஆயுதம் எங்கே போயிருக்கும் என்று யோசிக்கிறார்கள். கொலை செய்யுங்கள் என்று உங்களிடம் சொல்லவில்லை. தொடைக்கறியை யார் தின்பது என்று ஒரு மனைவி தானே தீர்மானிப்பதற்கு அந்தக் கதையில் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதைப் பார்க்கச் சொல்கிறேன்.

நான் தமிழ் படித்தவள். ஆட்டுத் தொடையைப் பற்றித் தமிழில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் பொருநராற்றுப்படையைத்தான் காட்டுவேன். கரிகாலன் பொருநனுக்குக் கொடுக்கும் விருந்தில் அறுகம்புல் தின்று கொழுத்த செம்மறியின் பருத்த தொடை வெந்து வருகிறது. கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறி வருகிறது. பொருநன் சூடு பொறுக்காமல் வாயின் இரு பக்கமும் மாற்றி மாற்றித் தின்கிறான். நிலத்தை உழுது உழுது தேய்ந்த கொழுவைப் போல இரவும் பகலும் கறி தின்று அவன் பற்கள் மழுங்கிவிடுகின்றன. பசித்த கலைஞனின் வயிறு நிறைந்ததைத் தமிழ் இவ்வளவு மகிழ்ச்சியாகச் சொன்ன இடங்கள் குறைவு. எனக்குப் பிடித்த பகுதி அது.

அதே பாட்டில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? சிரித்த முகத்தோடு பொற்கலத்தில் கள் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பொருநனோடு வந்த பாடினி இருக்கிறாள். கூந்தல், நெற்றி, புருவம், கண், வாய், பல், காது, கழுத்து, தோள், விரல், நகம், முலை, கொப்பூழ், இடை, தொடை என்று இறங்கி, இளைத்த நாயின் நாக்கைப் போன்ற பாதம் வரை அவளைத் துண்டு துண்டாகப் பார்க்கிறது பாட்டு. அவள் தொடைக்கு உவமை பெண் யானையின் துதிக்கை. 'நாங்கள்' என்று பொருநன் சொல்வதில் அவளும் அடங்கியிருக்கலாம், அவளும் உட்கார்ந்து தின்றிருக்கலாம். ஆனால் அவள் மென்றதைப் பாட்டு காட்டவில்லை. ஆட்டின் தொடை வாய்க்கு, பாடினியின் தொடை கண்ணுக்கு. இரண்டாயிரம் ஆண்டு கழித்து நம் சினிமாவில் கோழிக்கும் பெண்ணுக்கும் சேர்த்து 'பீஸ்' என்ற ஒரே சொல் கிடைத்ததில் என்ன ஆச்சரியம்?

வயிறார இருந்து தின்ற பெண் சங்கப் பாட்டில் இல்லாமல் இல்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டை நினைத்துப் பாருங்கள். அவர் எதைச் சொல்லி அழுகிறார்? கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவானே, எலும்போடு சேர்ந்த கறி கிடைக்கும் இடத்தில் எல்லாம் எங்களுக்குத் தருவானே என்று அழுகிறார். தலைவனின் நட்பைக் கள்ளாலும் கறியாலும் அளக்கிறார் ஒரு பெண். அதில் கூச்சம் துளியும் இல்லை. அந்தப் பங்கு அவருக்கு யாருடைய மனைவி என்பதற்காகவும் கிடைக்கவில்லை, யாருடைய தாய் என்பதற்காகவும் கிடைக்கவில்லை. பாடியதற்காகக் கிடைத்தது. அதே புறநானூற்றில் பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு, கணவனை இழந்தவளுக்குக் காத்திருக்கும் சாப்பாட்டைச் சொல்கிறார். நெய் படாத பிழிந்த சோறு, எள்ளுத் துவையல், புளி ஊற்றி வெந்த வேளைக்கீரை. அதைத் தின்று பருக்கைக் கல்லில் படுப்பதைவிடச் சிதை மேல் என்கிறார். அரசியின் தட்டு கணவனோடு எரிந்துபோகிறது. பாணர் கூட்டத்தோடு திரிந்த பெண்ணின் தட்டில் கறி இருக்கிறது.

பிற்காலத் தமிழ் ஔவையை என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். தலை நரைக்க வைத்தது. கையில் கோல் கொடுத்தது. தனிப்பாடலில் வரகரிசிச் சோறும் கத்தரிக்காயும் போட்டது. திரையில் பக்தியும் நீதியும் பேச வைத்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஔவைகள் பலர் என்று நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் பாடப்புத்தகத்துக்கு வெளியே நிற்பது ஒரே ஔவைதான். கள்ளும் கறியும் கேட்டவள் போய்விட்டாள். ஆண்களின் வீட்டு வாசலில் கூழுக்காக நிற்கும் பாட்டிதான் மிஞ்சினாள்.

இன்றைய இலக்கியக் கூட்டங்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். வெளியூரில் இரண்டு நாள் கருத்தரங்கு. இரவு ஒன்பது மணிக்கு ஆண் கவிஞர்கள் கூட்டமாகக் கிளம்பிப் பரோட்டாக் கடைக்குப் போய்விடுவார்கள். சுக்காவும் எலும்பு ரோஸ்ட்டும் தின்றுகொண்டு அங்கே அடுத்த இதழில் யாருக்கு எத்தனை பக்கம், அடுத்த தொகுப்பில் யார் பெயர் என்று பேசி முடிப்பார்கள். பெண்களுக்கு அறைக்கு இட்லிப் பொட்டலம் வந்துவிடும். "உங்களுக்கு லேட்டாயிருமேம்மா, சிரமப்படுவீங்கன்னுதான்" என்பார் ஏற்பாட்டாளர். பாடியதற்காக ஔவைக்குக் கிடைத்த இடம் அதுதான். அங்கிருந்துதான் நம்மைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறார்கள்.

வீட்டிலும் அவையிலும் நடப்பது சாமியின் பெயரிலும் நடக்கிறது. மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்தில் கரும்பாறை முத்தையா கோயில் விழாவைப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் படத்தோடு போடுகின்றன. கிடாக்களை வெட்டி விடிய விடியச் சமைத்து ஆயிரக்கணக்கான ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து தின்கிறார்கள். பெண்கள் வரக் கூடாது. தின்ற இலைகளை எடுக்காமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவை காய்ந்து சருகான பிறகுதான் பெண்கள் அந்த இடத்துக்குப் போகலாம். இதைப் 'பாரம்பரியம் மாறாத விநோத விழா' என்று எழுதுகிறார்கள். இதில் விநோதம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாட்டில் ஞாயிறுதோறும் நடப்பதை அவர்கள் ஒளிக்காமல் வெட்டவெளியில் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி உடம்புக்கு வருவோம். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதத்தினருக்கு. தமிழ்நாட்டுப் பெண்களிலும் பாதிக்கும் மேல். இதற்குக் காரணம் கறி கிடைக்காதது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். மாதவிடாய் இருக்கிறது, அடுத்தடுத்த பிரசவங்கள் இருக்கின்றன, குடற்புழு இருக்கிறது, வறுமை இருக்கிறது. ஆனால் அந்தக் காரணங்கள் சொல்வது என்ன? பெண்ணுடலுக்கு இரும்பு அதிகம் வேண்டும் என்பதைத்தானே. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்கிறது. இறைச்சியில் இருக்கும் இரும்பைக் கீரையில் இருக்கும் இரும்பைவிட உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். அப்படியென்றால் அறிவியல்படி கறிச்சட்டியின் கரண்டி முதலில் எந்தப் பக்கம் சாய வேண்டும்?

சாய்வது இந்தப் பக்கம் இல்லை. அதே ஆய்வில் எப்போதாவதேனும் அசைவம் உண்பதாகச் சொன்ன ஆண்கள் 83.4 சதவீதம், பெண்கள் 70.6 சதவீதம். ஒரே வீடு, ஒரே சாதி, ஒரே சம்பளம். இடையில் 13 சதவீதம் எங்கே போனது? விரதத்தில் போனது. வெள்ளி, செவ்வாய், கார்த்திகை, புரட்டாசி என்று போனது. கணவனை இழந்த வீட்டில் போனது. "அவருக்குச் சமைச்சுக் கொடுப்பேன், நான் தொட மாட்டேன்" என்ற பெருமையில் போனது. பிடிக்காமல் விட்டவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வீட்டின் புண்ணியக் கணக்கை மனைவியின் நாக்கில் எழுதி, புரதக் கணக்கைக் கணவனின் தட்டில் எழுதும் ஏற்பாட்டோடுதான் சண்டை.

பெண்ணுக்கும் கவனித்துப் போடும் நாட்கள் உண்டே என்பீர்கள். உண்டு. வயதுக்கு வந்தால் உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை. கர்ப்பமானால் ஈரலும் சுவரொட்டியும். பிள்ளை பெற்றால் நெஞ்செலும்புச் சாறும் பால்சுறாவும். சுவரொட்டி இரத்தம் ஊறும் என்று நம் பாட்டிகளுக்கு ஆய்வு இல்லாமலே தெரிந்திருந்தது. ஆனால் அந்தப் பட்டியலை மறுபடி படியுங்கள். அதில் நம் பெயர் இல்லை. கர்ப்பப்பையின் பெயர்தான் இருக்கிறது. பால் வற்றியதும் பத்தியமும் முடிந்துவிடும், பங்கும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு சுகாதார நிலையம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும். பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளுக்கும் வாரம் ஒரு மாத்திரை. தட்டில் மறுத்ததை மாத்திரையாக்கி விழுங்கச் சொல்கிறோம்.

சமமாகப் பங்கிட முடியாது என்று சொல்கிறவர்களைச் சத்துணவுக் கூடத்துக்கு அழைத்துப் போக ஆசை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2010 முதல் வாரத்துக்கு ஐந்து நாளும் முட்டை. பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கும் ஒன்று. தலையெண்ணிப் போடுகிறார் சத்துணவு அம்மா. இந்த மாநிலத்தில் பல பெண் குழந்தைகளுக்கு அண்ணன் தம்பியோடு சரிசமமாகக் கிடைத்த முதல் சொத்து அந்த முட்டைதான். அரசால் முடிந்தது வீட்டால் ஏன் முடியவில்லை?

"உழைக்கிற ஆம்பளைக்குத் தெம்பு வேண்டாமா?" என்பது அடுத்த வாதம். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வருகிறவரைப் பார்த்தும் இதைச் சொல்கிறார்கள். நாற்று நட்டுவிட்டு வந்து அடுப்புப் பற்றவைப்பவளைப் பார்த்துச் சொல்வதில்லை. தெம்பு உழைப்புக்கு என்றால் கணக்கை உழைப்பிலிருந்து தொடங்குவோம். அந்தக் கணக்குக்கு நான் தயார்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும். அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். கரோல் ஆடம்ஸ் 1990இல் இறைச்சிக்கும் ஆணாதிக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் ஒன்றை எழுதினார். விலங்கு துண்டாகும்போது உயிர் காணாமல் போகிறது, பெண்ணைத் துண்டாகப் பார்க்கும்போதும் அதுவே நடக்கிறது என்றார். பாடினியின் உடலைப் பற்றி மேலே சொன்னபோது அவர் காட்டிய வழியில்தான் சொன்னேன். ஆனால் அதற்குத் தீர்வு கறியை விடுவது என்று அவர் போகும் இடத்துக்கு என்னால் போக முடியாது. இந்த நாட்டில் கறியை விடுவது சாதி ஏணியில் ஏறுவதற்கான படி. மேலே ஏற நினைக்கும் குடும்பம் முதலில் தன் பெண்களின் தட்டிலிருந்துதான் கறியை எடுக்கிறது. 'சைவக் குடும்பத்துக்கு மட்டும்' என்று வீட்டு வாசலில் பலகை மாட்டுகிறவர் அகிம்சையைப் பற்றியா பேசுகிறார்? பாமாவின் 'கருக்கு' வந்தது 1992இல். நிலக்காரர் வீட்டில் மிஞ்சிய சோற்றை வாங்கிவரும் பாட்டியை அதில் படித்தவர்களுக்குத் தெரியும், வீட்டுக்குள் எச்சத்தைத் தின்பவள் பெண் என்றால் ஊருக்குள் எச்சத்தைத் தின்ன வைக்கப்பட்டவள் தலித் பெண். பங்கே கிடைக்காதவளிடம் துறவைப் போதிப்பது பெண்ணியமாகாது. முதலில் அவள் தட்டில் வையுங்கள். வேண்டாம் என்றால் அவளே தள்ளிவைப்பாள்.

என்ன செய்யலாம் என்று மாணவிகள் கேட்கிறார்கள். புரட்சி எதுவும் வேண்டாம், நான்கு காரியம் போதும். கறிக்கடைக்கு நீங்கள் போங்கள். எந்தத் துண்டு எதற்கு என்று கற்றுக்கொள்ளுங்கள். துண்டின் பெயர் தெரியாதவரால் பங்கு கேட்க முடியாது. குடல் கழுவும் வேலையை அண்ணன் தம்பிக்கும் பழக்குங்கள். சுண்ணாம்பு அவர்கள் கையையும் அரிக்கட்டும். எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். அப்பா, அண்ணன், விருந்தாளி, பிறகு பெண்கள் என்ற பந்தி வரிசை இருக்கும் வரை கடைசி இலைக்குச் சாறுதான் வரும். நான்காவதாக, சமைத்தவர் தன் தட்டில் போட்டுக்கொண்ட பிறகு கரண்டியை மற்றவர் பக்கம் நகர்த்தட்டும். இந்த நான்காவதுதான் கடினம். கை நடுங்கும். மாமியார் பார்ப்பார், பார்க்கட்டும். அவருக்கும் ஒரு நல்ல துண்டு வையுங்கள். அவர் தட்டில் அது விழுந்து எத்தனை வருடம் ஆகிறதோ.

அம்மாவிடம் மட்டும் ஒன்று கேளுங்கள். "எலும்பு போதும்டி, நீ சாப்பிடு" என்று சொல்லும்போது விட்டுவிடாதீர்கள். தொடைக்கறியில் நல்லதாக ஒரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்துவிட்டு அங்கேயே உட்காருங்கள். தம்பியின் தட்டுக்கு அதை மாற்றப் பார்ப்பார். விடாதீர்கள். மென்று முடித்த பிறகு, எப்படி இருந்தது என்று கேளுங்கள். பதில் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகலாம்.